சாடியில் முதிர்ந்த சாராயம்

போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றிய மறு ஆண்டில், அதாவது 1512இல், அந்நகருக்கு வந்து தங்கியவர் தோமே பிரெஸ் என்பார். கீழை நாடுகளின் துறைமுகங்களையும் அங்கு விலைபோகும் பண்டங்களையும் பற்றி அவர் எழுதி வைத்த 'சூமா ஓரியந்தால்' என்னும் நூல் மலாக்காவின் வரலாறு கற்போர் எவரும் தவிர்க்க இயலாத நூலாகும். சீனக் கடலிலிருந்து மலாக்காவுக்கு வந்துபோகும் 'லெக்கியர்' என்னும் மக்களைப் பற்றி அதில் ஒரு பகுதி உண்டு. அவர்கள் நேர்மையானவர்கள், அடிமை வாணிகத்தை வெறுப்பவர்கள் என்று புகழ்ந்துரைக்கும் பிரெஸ், அவர்கள் மலாக்காவிலிருந்து கொண்டுபோகும் சரக்குகளையும் குறிப்பிடுகிறார். வங்கத் துணியோடு, மலாக்காவின் மதுவையும் அவர்கள் பெரிதும் விரும்பினர். அதிலும் பிராந்தியைப் போன்ற கடுமையான ஒருவகை மதுவை மிகுதியாகக் கப்பலில் ஏற்றிச் சென்றனர் என்பது அவர் தரும் செய்தி.

லெக்கியர் என்பவர் வேறு யாருமல்லர். இன்று ஜப்பானின் தென்கோடியில் ஒக்கினாவா என வழங்கும் தீவுக்கூட்டத்தில் அந்நாளில் தனியரசு நடத்திய ரியூக்கியூ மக்களே. மலாக்காவின் நான்கு ஷாபந்தர்களுள் ஒருவர் சீனர், சம்பா நாட்டார் ஆகியோருடன் இவர்களையும் கவனித்தார். சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற நம்மவர் வேறொரு ஷாபந்தரின் பொறுப்பில் இருந்தனர். ஒரே ஆற்று முகத்தில், ஒரே பருவக்காற்றுக்குக் காத்திருந்த இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் அறியாதிருந்திருக்க முடியாது. ரியூக்கியூ அரசின் அயலுறவு ஆவணத் தொகுப்பான 'ரெக்கிதாய் ஹோவன்' 1463 முதல் 1511 வரை மலாக்காவுடன் நடந்த கப்பல் போக்குவரவுக்குச் சான்று பகர்கின்றது.

கப்பலேறிய அந்தக் கடுமையான மது எவ்வகையினது என்று பிரெஸ் விளக்கவில்லை. ஆனால் அதை விரும்பி வாங்கிய மக்கள் தம் தீவில் ஒரு தெளிந்த வடிமதுவை வளர்த்தெடுத்தனர். அதற்கு 'அவமோரி' என்று பெயர். ஆண்டுக்கணக்கில் மண்சாடியில் இட்டு முதிரவைத்த அவமோரிக்குக் 'கூசு' என்று பெயர். பழமது என்பது அச்சொல்லின் பொருள். வடித்தெடுத்த தெளிந்த சாராயத்தைச் சும்மா வைத்திருந்தால் அதன் சுவை மேம்படுமா என்னும் பழைய வினாவுக்கு, உலகில் வேறெங்கும் இல்லாத அளவு நீண்டதும் தெளிவானதுமான விடையை இத்தீவினரின் வரலாறு தருகின்றது.

அவ்வினா எளிதன்று. மேலைநாட்டு விஸ்கியும் பிராந்தியும் முதிர்வது ஓக்கு மரப் பீப்பாயில். அவற்றின் பொன்னிறமும் மணமும் பெரும்பாலும் மரம் கொடுத்தவை. ஆகவே மரம் இல்லாவிடில் முதிர்ச்சியும் இல்லை. கண்ணாடியிலோ மண்ணிலோ கிடக்கும் வெண்சாராயம் பத்தாண்டு கழித்தும் வெண்சாராயமே என்று வாதிடுவோர் உளர். மறுபுறம், வீட்டில் காய்ச்சி வடித்த எதையும் சில மாதம் புதைத்து வைத்தால் போதும், அமுதமாகிவிடும் என்று நம்புவோரும் உளர். நம் இலக்கியமும் முதிர்ந்த மதுவை அறியும். மூங்கிற் குழாயில் நெடுநாள் விளைந்த தேறலைத் திருமுருகாற்றுப்படை பேசுகின்றது. மண்ணில் புதைத்துப் பக்குவப்படுத்திய மதுவைப் புறநானூறு பேசுகின்றது. எனினும் அவை புளிக்கவைத்த மதுவே அன்றிக் காய்ச்சி வடித்த சாராயம் அல்ல. புளித்த மதுவில் உயிருள்ள நுண்ணுயிர்கள் தொடர்ந்து வேலை செய்யும். வடித்த சாராயத்திலோ அவை இல்லை. அங்கே மாற்றம் நிகழுமாயின் அதற்குக் காரணம் வேறாதல் வேண்டும்.

அவமோரியின் தோற்றம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1534இல் ரியூக்கியூ மன்னனுக்கு முடிசூட்டும் ஆணையுடன் சென்ற சீனத் தூதர் சென் கான், அரசவையில் தமக்கு அளித்த மது தெளிவும் கடுமையும் உடையது என்றும் சயாமிலிருந்து வந்தது என்றும் குறித்துள்ளார். ஒக்கினாவாவின் வரலாற்றறிஞர் ஹிகாஷியோன்னா கான்ஜுன் 1930களில் சயாம் சென்று, அங்குள்ள அரிசிச் சாராயம் தம் நாட்டு அவமோரியை மணத்திலும் சுவையிலும் ஒத்திருப்பது கண்டு, சயாமே அதன் தாயகம் என்று எழுதினார். ஷூரி அரண்மனைப் பகுதியில் அகழ்ந்தெடுத்த சயாமியப் பெருஞ்சாடிகளின் ஓடுகளும் இக்கருத்துக்கு வலுவூட்டுகின்றன. பதினைந்தாம் நூற்றாண்டுக் கொரிய அரசவைக் குறிப்பொன்றோ, ரியூக்கியூவிலிருந்து பரிசாக வந்த ஒரு மதுவை 'இந்திய மது' என்று பெயரிட்டு, அது பனையினத்து மரமொன்றின் சாற்றைக் காய்ச்சி எடுத்தது என்கிறது. பனஞ்சாராயத்தையும் தென்னஞ்சாராயத்தையும் அறிந்த தமிழர்க்கு இக்குறிப்பு வியப்பளிக்காது. சீனம், கொரியா வழியாகவும் வடிக்கும் கலை வந்திருக்கலாம். ஒரு துறைமுக நாட்டின் மதுவுக்கு ஒரே தாயகம் தேடுவதே பொருத்தமற்றது எனலாம். சாடியும் அரிசியும் வாலையும் ஒரே கப்பலில் வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஆயினும் அவமோரியைப் பிற சாராயங்களினின்று பிரித்துக் காட்டுவது அதன் கரும்பூசணம். வேகவைத்த அரிசியின்மேல் இப்பூசணத்தைத் தூவி வளர்ப்பர். அரிசி மாவுப்பொருளைச் சர்க்கரையாக்குவதோடு, இது எலுமிச்சையில் உள்ள புளிப்பையும் மிகுதியாகச் சுரக்கின்றது. வெப்பமும் ஈரமும் மிகுந்த தீவில் ஊறல் கெட்டுப்போகாமல் காப்பது இப்புளிப்பே. பூசணம் படர்ந்த அரிசி முழுவதையும் நீரில் இட்டு, ஏறக்குறைய இரண்டு வாரம் புளிக்கவைத்து, ஒரே ஒரு முறை வடிப்பர். இந்த 'ஒரே முறை' என்பதை மாணவர் நினைவில் கொள்ள வேண்டும். பின்னர் வரும் வாதத்துக்கு அது அடிப்படை. இன்று பயன்படும் அரிசி தாய்லாந்தின் நீள அரிசி. இப்பழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க காலத்தில் நிலைபெற்றது. அதற்கு முன் தினையும் உள்ளூர் அரிசியும் பயன்பட்டன.

அரசர் காலத்தில் எவரும் நினைத்தபடி வடித்துவிட முடியாது. ஷூரி அரண்மனையை அடுத்த அக்கதா, சக்கியாமா, தோரிஹோரி ஆகிய மூன்று ஊர்களில் உரிமை பெற்ற குடும்பங்கள் மட்டுமே அரசின் மேற்பார்வையில் வடித்தன. வடிப்பது அரசின் உரிமை. முதிரவைப்பதோ இல்லத்தாரின் கலை. ஷூரியின் உயர்குடிகள் தத்தம் வீட்டில் சாடிகளை அடுக்கிப் பேணின. 1671இல் ரியூக்கியூ மன்னர் ஷோ தெய், ஜப்பானின் தொக்குகாவா ஆட்சியாளருக்கு அனுப்பிய பரிசுப் பட்டியலில் 'அவமோரி' என்ற பெயர் இடம்பெறுகிறது. 1682இல் தீவின் பல இடங்களில் இருந்த சூளைகளை நாகா நகரின் த்சுபோயாவில் ஒருங்கே குடியேற்றினர். மெருகு பூசாத, கனமான சாடிகள் அங்கே உருவாயின. 1719இல் ஜப்பானிய அறிஞர் அராய் ஹக்குசெக்கி தாம் எழுதிய தென்தீவுகள் பற்றிய நூலில், இம்மதுவைச் சாடியில் இட்டு மூடி ஏழாண்டு கழித்தே பயன்படுத்துவர் என்றும், ஷூரியில் செய்வதே தலையாயது என்றும் எழுதினார். ஆக, முதிரவைத்தல் என்பது பிற்காலத்தார் புனைந்த பெருமையன்று. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அயலார் அறிந்திருந்த வழக்கம்.

அயலார் சான்றுகளுள் சுவையானது 1853ஆம் ஆண்டினது. அமெரிக்கக் கடற்படைத் தலைவர் பெர்ரி தம் கறுப்புக் கப்பல்களோடு ஒக்கினாவாவில் இறங்கி, அந்நாட்டார் தயங்கியும் கேளாமல் ஷூரிக்கு ஊர்வலம் போனார். அங்கு நடந்த விருந்தில் சிறு கிண்ணங்களில் பரிமாறிய பழமது, முதிர்ச்சியால் கனிந்து, பிரெஞ்சு நாட்டு இனிய மதுவை ஒத்திருந்தது என்று அப்பயணக்குழுவினர் வியந்து எழுதினர். அவர்கள் முன்பு துறைமுகத்தில் குடித்துப் பார்த்த புது மதுவை இவ்வாறு புகழவில்லை. அழையா விருந்தினரான அவர்களுக்குப் புகழ்ந்துரைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆகவே அவர்தம் சொல்லை நம்பலாம்.

ஷூரிக் குடும்பங்களைப் பற்றி ஒரு செய்தி வழங்கிவருகிறது. பணப்பெட்டியின் திறவுகோலைக் காரியக்காரரிடம் ஒப்படைத்த இல்லத்தலைவர், பழமது அறையின் திறவுகோலை மட்டும் தம் இடுப்பிலேயே வைத்துக்கொள்வாராம். மிகைப்படுத்தியதாயினும் மதிப்பின் அளவை இது காட்டும். கடைசி மன்னரின் மகனான ஷோ ஜுன் பிரபு பழமதுவைப் பற்றி எழுதிய கட்டுரையில், நல்ல கூசுக்கு மூன்று மணங்களை வகுத்தார். ஒன்று பெண்கள் கூந்தலுக்கிடும் மணநெய்யின் வாசனை. மற்றொன்று பழுத்த சொடக்குத்தக்காளி போன்ற வாசனை. மூன்றாவது கிடா ஆட்டின் வாடை! முதலிரண்டையும் எவரும் ஏற்பர். ஆட்டு வாடையை மேன்மையெனக் கொள்ள, பிறந்தது முதல் அந்த மண்ணில் பழகியிருக்க வேண்டும். காலம் சுவையை மாற்றுகிறது என்பது ஒன்று. அம்மாற்றம் மேம்பாடா என்பது மற்றொன்று. பின்னதைத் தீர்மானிப்பது குடிப்பவரின் மரபு. கருவாட்டு மணம் சிலர்க்குப் பசியைத் தூண்டுவதும் சிலர்க்கு மூக்கைப் பொத்தவைப்பதும் இதனோடு ஒப்பிடத்தக்கன.

பழமதுவைப் பேணும் முறைக்கு 'ஷிட்சுகி' என்று பெயர். முதற் சாடியில் மிக மூத்த மது இருக்கும். அதைத் தாய்மது எனக் கொள்வர். அடுத்த சாடியில் அதற்கு இளையது. அதற்கடுத்ததில் இன்னும் இளையது. விழா நாளில் தாய்ச்சாடியிலிருந்து சிறிதளவு எடுத்தால், எடுத்த அளவை இரண்டாம் சாடியிலிருந்து நிரப்புவர். இரண்டாவதை மூன்றாவதிலிருந்து நிரப்புவர். கடைசிச் சாடிக்குப் புதுமது வந்து சேரும். மண்சாடி மூச்சுவிடும் கலம் ஆதலால், யாரும் எடுக்காவிட்டாலும் மதுவின் அளவு குறையும், கடுமையும் தளரும். அவ்வப்போது இளையதைச் சேர்த்து உயிரூட்டாவிடில் பழமது சாரமற்றுப் போகும். ஸ்பெயின் நாட்டில் செரி மதுவைப் பேணும் முறை ஏறத்தாழ இதுவே. ஒன்றையொன்று கண்டிராத இரு நாட்டார் ஒரே வழியைக் கண்டது, அவ்வழியில் உண்மை இருப்பதற்கு அடையாளமாகும். இங்கே ஒரு கணக்கையும் மறைக்கலாகாது: நூறாண்டுச் சாடி என்றால் அதிலுள்ள ஒவ்வொரு துளியும் நூறு வயதுடையது என்று பொருளன்று. நூறு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய சாடி என்பதே பொருள்.

இனி, சாடிக்குள் நிகழ்வது என்ன? ஒரே முறை வடித்த சாராயம் தூய்மையற்றது. நீரும் சாராயச் சத்தும் மட்டுமின்றி, அரிசியின் கொழுப்பிலிருந்து வந்த எண்ணெய்ப் பொருள்கள், புளிப்புகள், கந்தகம் சார்ந்த ஆவிகள் எனப் பலவும் அதில் கலந்திருக்கும். புதுமது மூக்கைக் குத்துவதற்குக் கந்தக ஆவிகளே பெருங்காரணம். அவை சில மாதங்களில் பறந்துவிடும். மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுக்க வேண்டும். விட்டுவைத்தால் காற்றுப்பட்டுச் சிக்குநாற்றம் பிடிக்கும். 'சும்மா வைத்திருத்தல்' என்ற சொல் எத்துணைத் தவறானது என்பதை இந்த ஒரு பணியே காட்டும். புளிப்புகளும் சாராயச் சத்தும் மெல்ல மெல்லக் கூடிப் பழமணம் தரும் புதுப் பொருள்களாகின்றன. நாவைச் சுடும் தன்மையும் ஆண்டுகள் செல்லச் செல்லத் தணிகிறது. நீரும் சாராயச் சத்தும் நெருங்கிப் பிணைவதே இதற்குக் காரணம் என்பர்.

எல்லாவற்றினும் வியப்பானது வெனிலா மணம். ஓக்குப் பீப்பாயில் முதிர்ந்த விஸ்கியில் இம்மணம் மரத்திலிருந்து வருகிறது. மரமே காணாத கூசுவிலும் இது கமழ்வது எங்ஙனம்? 1990களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் விடை கண்டனர். அரிசியின் செல் சுவர்களில் பெரூலிக் அமிலம் என்ற பொருள் உள்ளது. கரும்பூசணம் அதை விடுவிக்கின்றது. ஊறலிலும் வடிக்கும் சூட்டிலும் அது வேறொரு மணப்பொருளாகி, மதுவோடு சேர்ந்து சாடிக்குள் வருகின்றது. ஆண்டுகள் செல்ல அதுவே வெனிலின் ஆகின்றது. அதாவது மணத்தின் விதை அரிசியிலேயே இருந்தது. சாடியும் காலமும் அதை முளைக்கவைத்தன. மீண்டும் மீண்டும் வடித்து, கரியில் வடிகட்டி, எல்லாவற்றையும் நீக்கிய ஓட்கா போன்ற சாராயத்தைப் பத்தாண்டு வைத்திருந்தாலும் இவ்வகை மாற்றம் நிகழாது. மாறுவதற்கு அதில் ஒன்றும் மிஞ்சவில்லை. வெண்சாராயம் முதிருமா முதிராதா என்று வாதிட்ட இரு சாராரும் வெவ்வேறு சாராயங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர் என்றே கொள்ள வேண்டும்.

காலம் செய்ய இயலாத ஒன்றையும் இங்குக் கூறாமல் விடுவது தவறாகும். மலேசியத் தமிழர்க்கு அது கதையன்று. தோட்டப்புறங்களில் கள்ளுக்கடையோடு சம்சுவும் குடும்பங்களை அழித்த வரலாறு யாவரும் அறிந்ததே. திருட்டுச் சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தால், அதை மண்ணில் புதைத்தாலும் சாடியில் அடைத்தாலும் ஓராண்டு காத்தாலும் அந்நஞ்சு நீங்காது. கண்ணுக்கும் மூக்கிற்கும் நாவிற்கும் அது நல்ல சாராயம் போலவே தோன்றும். உடலுக்குள் சென்றபின் பார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைக் கெடுத்து உயிரையும் பறிக்கும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் சுற்றுப்புறங்களிலும் கலப்பட மது குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் அயல்நாடுகளிலிருந்து பிழைக்க வந்த ஏழைத் தொழிலாளர். 'பழைய சரக்கு, பக்குவமானது' என்ற சொல் சுவைக்குப் பொருந்தலாம். பாதுகாப்புக்கு அது சான்றாகாது. அரிசி ஊறலில் மெத்தனால் மிகச் சிறிதே உண்டாகும் என்பதாலும், வடிப்பவர் அரசின் கண்காணிப்பில் இருந்ததாலும் ஷூரியின் சாடிகள் நஞ்சற்றவையாய் இருந்தனவே அன்றி, முதிர்ந்ததால் அல்ல.

அச்சாடிகளின் கதை 1945இல் அறுந்தது. ஜப்பானியப் படை ஷூரி அரண்மனையின் கீழே சுரங்கம் அகழ்ந்து தன் தலைமையகத்தை அமைத்திருந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்த போரில் அமெரிக்கக் குண்டுகள் அரண்மனையையும் மூன்று ஊர்களையும் மண்ணோடு மண்ணாக்கின. ஒக்கினாவா மக்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மாண்டனர். ஷோ ஜுன் பிரபுவும் அப்போரில் மறைந்தார். இத்துயரத்தின் முன் மதுச் சாடிகளைப் பற்றிப் பேசுவது சிறுமையாகத் தோன்றலாம். ஆயினும் நூறாண்டு, இருநூறாண்டு பேணிய தாய்மது ஏறக்குறைய முழுவதும் அந்த மூன்று மாதங்களில் அழிந்தது என்பதும் வரலாறே. மற்றொன்றை இழந்தால் மறுபடி செய்துகொள்ளலாம். இருநூறாண்டு முதிர்ந்த ஒன்றை மறுபடி செய்ய இருநூறாண்டு வேண்டும். அவ்வளவு காலம் ஒருவரை அடுத்து ஒருவராகச் சாடியைக் காக்கும் தலைமுறைகளும் வேண்டும்.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் முதிரவைக்க எவருக்கும் பொறுமையில்லை; வடித்தது அன்றே விற்றது. அரிசி கிடைக்காத நாளில் அமெரிக்கப் படையின் உணவுப் பொருள்களைக்கூட ஊறலுக்கு இட்டனர். 1972இல் தீவுகள் ஜப்பானின் ஆட்சிக்குத் திரும்பிய பின்னரே பழமதுப் பழக்கம் மெல்லத் தலையெடுத்தது. இடைக்காலத்தில் வணிகம் ஒரு சலுகையைக் கேட்டுப் பெற்றது: மூன்றாண்டு முதிர்ந்த மது பாதிக்கு மேல் இருந்தால் போதும், மீதி புதுமதுவாயினும் 'கூசு' என்று சீட்டு ஒட்டலாம். 2015 ஆகஸ்டு முதல் இச்சலுகை நீங்கியது. முழுவதும் மூன்றாண்டோ அதற்கு மேலோ முதிர்ந்தாலன்றி அப்பெயரை இடலாகாது. 2024 டிசம்பரில் பூசணம் கொண்டு மது செய்யும் ஜப்பானிய மரபறிவை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தபோது அவமோரியும் அதில் அடங்கியது.

போரில் தப்பியவை இரண்டு. ஷூரியில் ஷிகினா என்னும் வடிசாலையார் தம் பழஞ்சாடிகளை மண்ணில் புதைத்துவிட்டு ஓடினர். திரும்பி வந்து தோண்டியபோது எஞ்சியிருந்த மது நூற்றைம்பது ஆண்டு மூத்ததாக இன்று எண்ணப்படுகிறது. மற்றொன்று மதுவன்று, பூசணம். தோக்கியோப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் அறிஞர் சக்காகுச்சி கின்இச்சிரோ 1930களில் ஒக்கினாவாவின் வடிசாலைகளிலிருந்து கரும்பூசண வகைகளைத் திரட்டிச் சென்றிருந்தார். போர்க்காலத்தில் அவை வடக்கே நீகத்தாவுக்கு அனுப்பப்பட்டுப் பிழைத்தன. அவற்றுள் ஷூரியின் பழைய வடிசாலையொன்றின் பூசணம் இருப்பது 1998இல் தெரியவந்தது. உறங்கிக்கிடந்த அதை எழுப்பி வடித்த அவமோரி மறு ஆண்டு வெளிவந்தது. அவ்வாண்டில் சாடியிலிட்டு மூடியது எதுவாயினும் நூறாண்டை எட்டுவது 2099இல்.